நாற்பத்திரண்டு பாகை

குலநாயகத்தின் மைத்துனர் வின்னிபெக்கிலிருந்து
கப்பலில் போட்டுவிட்டார்.
மரப்பெட்டியை உடைத்தபோது
உப்புவெளி வெயிலில் அது
முழங்காலிட்டு நின்றது.
முன்னே இரண்டு சறுக்குக் கட்டை,
பின்னே பல் வைத்த ரப்பர் பட்டி.
"வெள்ளைக்காரர் கடற்கரையில ஓடட்டும்,
பத்து நிமிசம் இரண்டாயிரம்" என்றார்.
என்னிடம் அனுப்பினார்.
அலஸ்தோட்டத்தில் படகு மோட்டர் கழற்றுகிறவள்
நான் ஒருத்திதான்.

முதல்நாள் நூறு யார்கூட ஓடவில்லை.
ரேடியேற்றர் தேடினேன், இல்லை.
காற்றாடி தேடினேன், அதுவும் இல்லை.
பக்கவாட்டில் சாய்த்துப் படுத்துப் பார்த்த பிறகுதான்
பட்டிக்கு மேலே, கூரையின் உட்புறம்,
விலா எலும்புபோல் அலுமினியத் தகடு.
அதற்குள்ளே சுடுதண்ணீர் ஓடும்.
பட்டி வாரி எறிகிற பனி
தகட்டில் பட்டு உருகும்.
செய்தவன்
குளிரூட்டியில் பாதியைத் தொழிற்சாலையில் செய்து
மற்றப் பாதியை
வானத்திடம் விட்டிருக்கிறான்.

பட்டி வழுக்கி ஓடும் பிளாஸ்ரிக் பட்டையும் அப்படியே.
பனி ஈரம் கொடுக்கும் என்ற நம்பிக்கை.
எங்கள் மணல் கொடுத்தது உரசல்.
பட்டை இளகி, இழுபட்டு,
கருகிய சீப்பு மணம்.

பனி என்ற சொல் எங்களிடமும் உண்டு.
தை மாதத்தில் விடிய எழும்பி
மோட்டர் சைக்கிள் சீற்றைத் துடைக்கிற அளவுக்கு.
அதற்கு மேல் அந்தச் சொல்லில்
தண்ணீர் இல்லை.

சஸ்பென்சனில் குறை சொல்லமாட்டேன்.
முன்கை, பின்கை, முறுக்கு வில்,
நடுவே ஒரு வார்.
வாரை ஒரு துளை இறுக்கினால்
பாரம் சறுக்குக் கட்டைக்குப் போகும்,
தளர்த்தினால் பட்டிக்கு வரும்.
தளர்த்தினேன்:
மூக்கைத் தூக்கிக்கொண்டு குழி தோண்டியது,
முட்டையிட வந்த ஆமைபோல.
இறுக்கினேன்:
மூக்கைப் புதைத்துக்கொண்டு அசையவில்லை.

வால்வில் சந்தேகம் வந்தது.
பித்தளைக் கழுத்தில் 42 என்று அடித்திருந்தது.
அத்தனை பாகையில் திறக்கவேண்டும்.
கன்னியாவுக்குக் கொண்டுபோனேன்.
நூலில் கட்டி
ஏழு கிணற்றிலும் இறக்கினேன்.
முப்பத்தோராம் நாளுக்கு வந்த ஒரு குடும்பம்
இதுவும் ஏதோ கிரியை என்று
ஒதுங்கி வழிவிட்டது.
ஆறு கிணற்றில் வாய் திறக்கவில்லை.
ஏழாவதில்
நகக்கண் அளவு.
வால்வில் பிழையில்லை.
பிழை எதிலும் இல்லை.
அதுதான் எரிச்சல்.

கடைசியில் இஸ்ஸதீனிடம் போனேன்.
சீனக்குடாப் பக்கம் ஐஸ் அடிக்கிறவர்.
"மீன் எங்க பிள்ள?" என்றார்.
"மீன் இல்ல, ஓடுறதுக்கு."
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.
முப்பது கட்டி, கடனுக்கு.
பழைய அறக்குளாப் பெட்டிகளில் மிஞ்சியதையும்
சேர்த்து ஏற்றிவிட்டார்.

விடியப்புறம் நாலரை.
நொறுக்கி, வாளி வாளியாய்,
முப்பது யார் நீளத்துக்குப் பரப்பினோம்.
கடல் அலையடிக்காமல் கிடந்தது.
இழுத்து ஸ்ராட் பண்ணினேன்.

போய்த் திரும்பி, போய்த் திரும்பி, நாலு தரம்.
பட்டி கடித்தது, வாரி எறிந்தது,
தகட்டில் ஐஸ் சொரிகிற சத்தம்
கூரைக்கடியில் அரிசி புடைப்பதுபோல.
முதுகுக்குக் கீழே நான்கு அதிர்வுதாங்கியும்
ஒரே நேரத்தில் மூச்சுவிட்டன.
முள்ளு இறங்கியது.
நான் கைப்பிடியை விடாமல்
சத்தம் போட்டுச் சிரித்திருக்கிறேன்,
இஸ்ஸதீன் சொல்லித்தான் தெரியும்.

ஐந்தாம் தரம் வெறும் சேறு.
கூரையிலிருந்து நீராவி,
அதில் அறக்குளா மணம்.
காகங்கள் எங்கிருந்தோ வந்து
ஐஸ் கோட்டைக் கிளறின.

குலநாயகம் கல்குலேற்றரைத் தட்டினார்.
ஒரு ஓட்டத்துக்கு ஐஸ் மட்டும் ஏழாயிரத்துச் சொச்சம்.
இப்போது அது ஹோட்டல் வாசலில்,
சறுக்குக் கட்டையில் துவாய் காய்கிறது.
நல்ல தண்ணீரால் தகட்டைக் கழுவிக் கொடுத்தேன்;
உப்பு அலுமினியத்தைச் சும்மா விடாது.
மூலையில் ஒரு செதில்
போகவே மாட்டேன் என்றது.

இஸ்ஸதீனின் காசு இன்னும் கொடுபடவில்லை.
வால்வை மட்டும் நான் திருப்பிப் பூட்டவில்லை.
என் மேசையில், காபுரேற்றர்களுக்கு நடுவே,
வாய் மூடிக் கிடக்கிறது.
தகரக் கூரைக்குக் கீழே இன்று மத்தியானம்
முப்பத்தொன்பது.
ஒரு கண்
அதன்மேல் வைத்திருக்கிறேன்.