செத்த நரம்பு

பகலில் பல் சுத்தம் செய்பவள் நான்.
ஒஹாயோவில் யூக்லிட், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே
இரண்டாவது மாடி, மூன்றாம் நாற்காலி.
காப்பிக் கறை, புகையிலைக் கறை, எதுவானாலும்
சுரண்டி எடுத்து
வாய் கொப்பளிக்கச் சொல்லி அனுப்பிவிடுவேன்.

வீட்டிலிருக்கும் பேஸ் கிட்டாரை மட்டும்
துடைப்பதே இல்லை.

அறுபத்து மூன்றில் வெள்ளையாகப் பிறந்தது.
மேல்பூச்சு மஞ்சளித்து, மஞ்சளும் பழுத்து,
இப்போது முப்பது வருடம் சுருட்டுப் பிடித்தவரின்
கடைவாய்ப் பல் நிறம்.
கட்டைவிரல் சாயும் இடத்தில் வண்ணம் போய்
நாணயமளவுக்கு மரம் தெரிகிறது.
நான் தேய்த்ததல்ல அது.
பேருந்தில் இன்னும் சூடாறாத இருக்கையில் உட்கார்வது போல
என் விரல் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது.

நானூற்றைம்பது டாலர். கம்பளக் கடையொன்றை மூடிய அன்று
ஒரு மீன்தொட்டிக்கும் இரும்பு அலமாரிக்கும் நடுவே கிடந்தது.
பனிக்கால டயருக்கு வைத்திருந்த பணம்.
அந்தக் குளிர்காலம் முழுக்க
வழுக்கி வழுக்கித்தான் வேலைக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஸ்லோவேனியர் மன்றம்.
வறுத்த மீன், முட்டைக்கோஸ், பிளாஸ்டிக் குவளையில் பீர்.
அக்கார்டியன் ராடோ க்ரெபெக், லிஃப்ட் பழுது பார்ப்பவர்.
டிரம்ஸ் டெல்பர்ட் ஓக்ஸ், தபால்காரர்.
போல்கா பிடிக்காது என்று இருபது வருடமாகச் சொல்கிறார்,
ஒரு வெள்ளியும் தவறியதில்லை.
நான் பின்னால், தூணுக்குப் பக்கத்தில்.
வந்தவர்களின் கண் ராடோவைப் பார்க்கும்.
என்னைப் பார்ப்பது அவர்கள் முழங்கால்தான்.

போன நவம்பரில் பாட்டின் நடுவே கேபிள் அறுந்தது.
யாரும் திரும்பவில்லை. ராடோ நிறுத்தவில்லை.
திருமதி ஹோச்செவர் மட்டும் சுழன்றபடியே நின்று
தரையைப் பார்த்தார்,
இன்னொரு படி இருக்கிறதென்று கால் வைத்தவர் போல.
அடி பிசகி இரண்டு ஜோடி மோதிக்கொண்டது.
ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டார்கள்.
வேறு கேபிளைச் செருகினேன்.
மன்னித்தார்கள்.

கொலம்பஸிலிருந்து பிரூயிட் என்றொருவர் வந்தார்,
பருத்திக் கையுறை, சிறு டார்ச், நெற்றியில் பூதக்கண்ணாடி.
சமையல் மேசையில் துண்டு விரித்து அதைக் கிடத்தினார்.
முதன்முறையாக நான் நோயாளியின் பக்கம் நின்றேன்.
திறக்காமலே “பதினெட்டாயிரம்” என்றார்.
என் கண் தானாகக் கூரைக்குப் போனது. ஒழுகுகிறது.

பிறகு மீட்டிப் பார்த்தார்.
“நரம்பு நான்கும் செத்துவிட்டன. எப்போது மாற்றினீர்கள்?”
மாற்றவில்லை.
என் தொழிலில் நரம்பு செத்தால்
வேர்வரை துளைத்து, எடுத்து, அடைத்துவிடுவோம்.
இது செத்த பிறகுதான் பேசவே தொடங்கியது.
மினுக்கம் போய், உலோகம் போய்,
ஈர மணலில் குதிகால் விழும் சத்தம் மட்டும்.

தகட்டைக் கழற்றிச் சுருளைத் தூக்கினார்.
அடியில் பென்சில் எழுத்து:
திரும்பச் சுற்றியது, நோர்பர்ட், மார்ச் 71.
மழை. இப்போது பரவாயில்லை.

பிரூயிட் கையுறையைக் கழற்றினார்,
இனித் தேவையில்லை என்பது போல.
“அசல் இல்லை. எட்டாயிரம். அதுவும் யோசித்து.”
முகத்தில் உண்மையான துக்கம்.
காப்பி கொடுத்தேன்.

வேண்டாமென்றதற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை.
கூரைக்கு வாளி இருக்கிறது.
நோர்பர்ட் யாரென்று தெரியாது, தேடவுமில்லை.
முடியைவிட மெல்லிய கம்பியை
ஆயிரக்கணக்கான சுற்று, எண்ணி எண்ணிச் சுற்றியிருக்கிறான்.
நடுவில் தொலைபேசி அடித்திருக்கலாம்.
எடுத்திருக்க மாட்டான்.

அவர் போனதும் நானே மூடித் திருகினேன்.
ஒரு திருகாணி மிஞ்சியது. எங்கே போகுமென்று தெரியவில்லை.
ஜன்னலோரம் வைத்திருக்கிறேன்.

அந்த வெள்ளி, மன்றத்தின் கார் நிறுத்துமிடத்தில்
ஏரியிலிருந்து சாய்ந்து வந்தது தூறல்.
முன்பென்றால் உறையின் மேல் என் கோட்டைப் போர்த்துவேன்.
அன்று
கோட்டை நானே போட்டுக்கொண்டேன்.