ஓரிரு இடங்களில்

சென்னை மற்றும் புறநகரின் ஓரிரு இடங்களில்
லேசானது முதல் மிதமான மழை, என்கிறது வானொலி.
அந்த ஓரிரு இடங்களில் ஒன்று நாங்கள்.
இன்னொன்று எது என்று
இருபத்தோரு வருஷமாகத் தேடுகிறேன்.

கைப்பேசியில் எங்கள் தெருவைத் தொட்டால்
தாம்பரத்தின் வெயிலைக் காட்டும்.
தாம்பரத்துக்கும் எங்களுக்கும் நடுவே
விமானப்படையின் நீள மதில்,
ஒரு கல்குவாரிக் குட்டை,
எந்தப் பக்கம் நனைவதென்று தெரியாத ஒரு சாலை.
நுங்கம்பாக்கத்தில் அளந்தால்தான் அது நகரத்து மழை.
எங்கள் தலையில் விழுவது
வெறும் தண்ணீர்.

அதனால் மொட்டை மாடியில்
தொட்டிக்கு நாலடி தள்ளி,
சுவர்ச் சாரல் தெறிக்காத இடமாய்ப் பார்த்து
ஒரு மழைமானி வைத்தேன்.
தினமும் காலை எட்டரை.
பால்கணக்கு நோட்டின் பின்பக்கம் மில்லிமீட்டர்.
அளவெடுப்பது எனக்குத் தொழில்:
ஜாக்கெட்டில் அரை இஞ்ச் தப்பினால்
ஒரு வீட்டுத் தீபாவளியே பாழ்.

எட்டேமுக்காலுக்கு ஆட்கள் வருவார்கள்.
"காயுமாக்கா?" என்பார் இஸ்திரி வண்டி கோதண்டம்.
அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.
மஸ்தான் பாய்க்கு நாலு மணி நேரம் போதும்,
போட்ட தளம் இறுகும் வரை.
தண்ணி லாரி பிரகலாதன்
எப்போது வரும் என்று கேட்டதே இல்லை.
"இந்த வருஷமாவது பொய்க்குமா?" என்பான்,
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வான்.
அவன் லாரியிலிருந்துதான் மே மாதம் குடிக்கிறோம்.
அவன் லாரியின் மேல்தான்
அந்த டிசம்பரில் ஏறி நின்றோம்.

ஊரின் பின்னணி கேட்பவர்களுக்கு:
பழைய பத்திரத்தில் இது நஞ்சை.
மனை விற்றவர்கள் நோட்டீசில்
'ஏரிக்கரைக் காற்று' என்று அச்சடித்திருந்தார்கள்.
பொய்யில்லை.
முதலில் காற்று வந்தது.
பிறகு ஏரியும் வந்தது.

அன்றிரவு எவ்வளவு பெய்தது என்பது
என்னிடம் இல்லை.
விடிந்தபோது மானி வழிந்துகொண்டிருந்தது.
கீழே தையல் மெஷின் கண்ணுக்குத் தெரியவில்லை,
நூல்கண்டுகள் மட்டும்
நிறம் நிறமாய் மிதந்தன.
எண் எழுத வேண்டிய இடத்தில்
'நிரம்பியது' என்று எழுதினேன்.
நோட்டு முழுக்க இருக்கும் ஒரே சொல்.

தப்பும் நடக்கும்.
போன ஐப்பசியில் ரெட் அலர்ட், நானும் ஒத்து ஊதினேன்.
பள்ளிக்கூடம் லீவு;
பையன்கள் வெயிலில் நாள் முழுக்க கிரிக்கெட் ஆடினார்கள்.
என் பேச்சைக் கேட்டு
கிரைண்டரைப் பரண் மேல் ஏற்றிய ரெஜினா
மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை.
நாலாம் நாள் துணியோடு வந்தாள்:
"வானத்தை விட்டுட்டு இதை ஒழுங்கா அளங்க."

இன்றைய நிலவரம்.
பள்ளிக்கரணைப் பக்கம் மேகம், பழைய தலையணைப் பஞ்சு மாதிரி.
கடல்காற்று இரண்டு மணிக்கே வந்துவிட்டது,
கூடவே குப்பைமேட்டுப் புகையும்.
மேம்பாலத்தின் மேல்
இரண்டு கார்கள் இப்போதே ஓரங்கட்டி நிற்கின்றன.
மூன்றாவது யோசிக்கிறது.

மஸ்தான் பாய் போன் செய்தார், கலவை போடலாமா என்று.
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினேன்.
"பதினோரு மணி வரைக்கும் தாங்கும் பாய்."
"ராத்திரி பதினொண்ணா, காலையிலயா?"
அதற்குள் உள்ளங்கையில் ஒன்று விழுந்தது.
காக்கையின் வேலையாகவும் இருக்கலாம்.
எட்டரைக்குச் சொல்கிறேன் என்றேன்.