ஜேர், ஜபர், பேஷ்

கைபான் வளாகத்தின் மூன்றாம் வாசலுக்கு எதிரே
என் நகல் கடை.
ஒரு பக்கம் பத்து ஃபில்ஸ்,
ஸ்பைரல் போட்டால் தனி.

முதல் நாள் அவர் பெயரைச் சொன்னதும்
சிரிப்பை மறைக்க
காகிதக் கட்டு எடுப்பவன்போல் குனிந்தேன்.
துக்தூரா மூதி.
காயல்பட்டினத்தில் அது வசவு.
இங்கே ஒளிர்பவள் என்று பொருளாம்,
தெரிந்துகொள்ள நாலு வருஷம் ஆனது.

இலக்கியத் துறை. அறுபது பிரதி, அறுபது பிரதி,
ஒரு வருஷம் எழுபத்திரண்டு.
முதுகலைக்கு ஒரே கேள்வி,
அதற்குக் கீழே பக்கம் முழுக்க வெள்ளை.
கெய்ரோவில் படித்தவர் என்பதும்
படை புகுந்த மாதங்களில்
மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் காலிசெய்து
நூல்களை அதற்குள் வைத்தார் என்பதும்
டிரைவர் செல்லையா சொல்லித்தான் தெரியும்.

கவிதைகள் கேள்வித்தாளின் முதுகில் வரும்.
பென்சில், அடித்தல், மறுபடி பென்சில்.
"இதிலும் ஒன்று" என்பார்.
ஒன்றே ஒன்று.
நூலாக வந்தவை மூன்று என்றார்கள்.
நான் எடுத்த நகல் நானூறு தாண்டும்.

எனக்கு அரபி எழுத்து தெரியும், அதுதான் சங்கடம்.
ஏழு வயதில் மக்தபில்
மேலே கோடு, கீழே கோடு, தலையில் சுழி
பார்த்துப் பார்த்து ஓதியவன்.
பொருள் ஒன்றும் தெரியாது.
ஓசை பிசகினால் தொடையில் கிள்ளு.
துக்தூராவின் கையெழுத்தில்
கோடும் இல்லை, சுழியும் இல்லை.
மெய் மட்டும் வரிசையாக நிற்கும்,
உயிரை வாசிப்பவன் கொண்டுவர வேண்டும்.

ஒரு வருஷம் கேள்வித்தாளில் வேறு கையொப்பம்.
ஒரு சொல்லால் வந்த வினையாம்.
ஐன், லாம், மீம்.
அறிவு என்று எழுதினாராம்,
கொடி என்று வாசித்தாராம் யாரோ.
குறி போடாவிட்டால் இரண்டும் அதுவே.
இரண்டு பருவம் பாடம் இல்லை.
ஒரு வியாழக்கிழமை மட்டும் வந்தார்,
கையில் தாள் இல்லாமல்.
மெஷின் ஓடுவதைப் பார்த்து நின்றுவிட்டு
"சூட்டோடு நல்ல வாசனை" என்றார்.
தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு வளாகமே ஷதாதியாவுக்குப் போனது.
நான் மொபைல் கவர் விற்றேன்,
ஒரு மெஷின் மட்டும் மிச்சம்.
புது இடத்தில் தனக்கு அறை இல்லை,
ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்றார்,
விலாசம் மாறியதைச் சொல்வதுபோல.
ஒரு தாளை நீட்டினார்.
எழுத்துக்கு எழுத்து ஜேர், ஜபர், பேஷ்.
அத்தனை வருஷத்தில் முதல்முறை.
"ஓது, மொகுதூம்."

கவிதைக்கான குரல் எனக்கு வராது.
மக்தபின் ராகம்தான் வந்தது,
உடம்பும் சேர்ந்து ஆடியது.
கவர் பார்த்துக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் பெண்
ஹெட்போனைக் கழற்றிவிட்டு நின்றாள்.
ஏழாம் வரியில் அந்த மூன்றெழுத்து.
ஐன் தொண்டைக்குள் இறங்காமல்
வெறும் அலிஃபாக விழுந்தது.

அவர் என்னைத் திருத்தவில்லை.
தாளை வாங்கி
ஐனை அடித்தார், மேலே அலிஃப் எழுதினார்.
"பொருள் மாறாதா?"
"மாறும்."
இரண்டு நகல் கேட்டார். இரண்டு!
ஒன்றை என்னிடம் விட்டு
இருபது ஃபில்ஸ் வைத்துவிட்டுப் போனார்.

பக்கத்துக் கடை எகிப்தியத் தையல்காரனிடம்
சட்டைக்கு அளவு கொடுக்கப் போனபோது காட்டினேன்.
ஏழாம் வரியில் விரல் வைத்து
வலி என்றான்.
யார் எழுதியது என்றான்.
அதைச் சொல்ல என் அரபி போதாது.
அளவெடுக்க வாகாக
இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.