ஒற்றை விரல்

மூத்ததற்கு ஆறாம் நாள் போட்டேன்.
விடிந்து பார்த்தால்
கூட்டுக் குச்சிகளுக்குள் கிடந்தது வளையம்.
அப்புறம் பீன்யாவில் மூன்று நாள் இரட்டை ஷிப்ட்.
கடைசி மெட்ரோவில் இறங்கி மாடியேறினால்
கணு தடித்துவிட்டது.
தேங்காயெண்ணெய் தடவித் தள்ளினேன்,
கீச்சென்றது.
விட்டுவிட்டேன். காசு கட்டின வளையம், போகட்டும்.

இளையது பொரித்து ஏழு நாள், சரியான பதம்.
முன்விரல் மூன்றையும் சேர்த்துப் பிடித்து நுழைத்து,
பின்விரலைக் காலோடு படுக்கவைத்து மேலேற்றி,
அந்த ஒற்றை விரலைத் தீக்குச்சியால் நெம்பினேன்.
நகம் வெளியே வந்தபோதுதான்
நானும் மூச்சு விட்டேன்.

மிச்ச வளையம் வீட்டுச் சாவியோடு கிலுங்குகிறது.
எண்ணுள்ளது பந்தயக் கூடை ஏறும்.
எண்ணில்லாதது
ஸ்ரீராமபுரத்து வாட்டர் டேங்குகளைச் சுற்றிவிட்டு
யாரும் குறித்துக்கொள்ளாத நேரத்தில்
வந்து உட்காரும்.