வேலியில் செருகிய எண்கள்

இரண்டு பெயர் அதற்கு.
இந்தப் பக்கம் பிளேன்ரி, நிறத்தால்.
வேலிக்கு அந்தப் பக்கம்,
நேசரத்தினம் வீட்டில், சூரன்.
இரண்டுக்கும் வாலாட்டும்.
சாப்பாடும் இரண்டு இடத்தில்.

நாலு கிளுவங்கதியாலை அவர்
என் காணிக்குள் தள்ளி நட்ட நாளிலிருந்து
மூன்று வருடம் நாங்கள் கதைப்பதில்லை.
பொட்டுக்குள்ளால் போய்வந்தது அது மட்டும்தான்.

மார்கழிக் குளிருக்கு
மில்லில் உமிக்குவியலுக்குள் படுத்துப் பழகியிருந்தது.
முத்தையன்கட்டுக் குளம் வான் பாய்ந்த கிழமை
இருமத் தொடங்கிற்று.
முதலில் முள் சிக்கினமாதிரி ஒரு செருமல்.
பிறகு வெள்ளை நுரை.
பிறகு படுக்கவே மாட்டாமல்
முன்னங்கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டு
இரவு முழுக்க நின்றது.

ஒட்டுசுட்டானுக்கு ஓட்டோவில், என் மடியில்.
"சளி நெஞ்சுக்குள்ள இறங்கிட்டுது" என்றார் டொக்டர்.
மருந்துத் துண்டுக்குப் பெயர் கேட்டார்கள்.
கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னேன்:
பிளேன்ரி சூரன்.
"நித்திரையில மூச்சை எண்ணுங்கோ.
நிமிசத்துக்கு முப்பதுக்குக் கீழ வரவேணும்.
உமிப்பக்கம் விடாதேங்கோ."

மில்லில் எனக்கு இரவு வேலை.
தீப்பெட்டி மட்டையைக் கிழித்து
"52. பத்து மணிக்கு மருந்து" என்று எழுதிப்
பொட்டடியில் செருகி,
குளிசைச் சரையை வைத்து,
நாயையும் அந்தப் பக்கம் தள்ளிவிட்டுப் போனேன்.

விடிய வந்தால் என் எழுத்துக்குக் கீழே
சங்கக்கடையில் கணக்கெழுதின குண்டு எழுத்து:
"49. குளிசையைத் துப்பினது.
சூடைக் கருவாட்டுக்குள்ள வைச்சுக் குடுத்தன்."

47. ஆவி பிடிச்சது. கேத்திலுக்குக் கிட்ட விடவேண்டாம், மூக்கு வெந்திடும்.

44. கையைக் கிண்ணமாக் குவிச்சு விலாவில தட்டினன். கட்டியா வந்தது.

46.
அன்று வேறொன்றும் எழுதவில்லை அவர்.
எண் ஏறின அந்தப் பகல்
எனக்குக் கண் மூடவில்லை.
பலாப்பழம் பார்க்கிறமாதிரித் தட்டித் தட்டிக்
காதை வைத்தேன்.
உள்ளே யாரோ
ஈரச் சாக்கொன்றை இழுத்துக்கொண்டு போனார்கள்.

38.

33. பிட்டுத் தின்டது. என்ர பங்கையும்.

29.
இரண்டு தரம் எண்ணித்தான் எழுதினேன்.
மட்டை திரும்பி வந்தபோது
பக்கத்தில் இரண்டு சரி போட்டிருந்தது.

பத்தாம் நாள் எருமைக்கன்றொன்றைக்
குளக்கட்டுவரை கலைத்துவிட்டு வந்து
இருமாமல் தண்ணீர் குடித்தது.
மருந்தும் முடிந்தது. இனி எழுத என்ன இருக்கு?
அடுத்த நாள் விடிய மட்டையைத் தேடினேன்.
இல்லை.
வேலி வெறும் வேலியாய் நின்றது.

அன்றிரவு நல்ல நிலவு.
ஒழுங்கைக்கும் வயலுக்குமாய்ப்
பன்றி கலைத்து ஓடித்திரிந்தது.
மோட்டர் சத்தத்துக்கு மேலால்
மில்லுக்குள்ளேயே கேட்டது குரைப்பு.
ஊருக்கே நித்திரையில்லை.

வேலை முடிந்து வர,
சட்டைப்பையில் பேனை கிடந்தது.
எழுதிச் செருகினேன்:
"24. நல்ல நித்திரை."

பின்னேரம் கீழே, குண்டு எழுத்தில்:
"ஓம். நானும் எண்ணினனான். 24."