சைடு கண்ணாடி

முன்கண்ணாடி உதிராது.
நடுவில் தாள் வைத்து ஒட்டியிருப்பார்கள்,
விரிசல் விட்டு அப்படியே நிற்கும்.
கதவுக் கண்ணாடிதான்
கல்கண்டு கல்கண்டாய்க் கொட்டும்.

அவள் மஞ்சப்பையில் இருந்தது கல்கண்டு.

"தொப்பூரா?" என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.
"எறக்கத்துல" என்றாள்,
மேசைமேல் கவிழ்த்தாள்.
ஒரு துண்டு உருண்டு என் டீ டம்ளரில் முட்டி நின்றது.

பென்னாகரம் ரோட்டில்
பஞ்சர் கடைக்கு மேலே என் அறை.
கீழே கம்ப்ரசர் ஓடினால் மேசை நடுங்கும்.
அந்நேரம் பசையைத் தொட மாட்டேன்,
பில் எழுதுவேன், கம்மல் கொக்கி எண்ணுவேன்.
சுவரோரம் டப்பாக்கள்:
கிருஷ்ணகிரிப் பட்டறையில் அள்ளிய கருங்கல் சீவல்,
ஓசூரில் யாரோ வீடு கட்டி மிஞ்சிய பச்சை டைல்ஸ்,
கோபத்தில் உடைந்த பீங்கான் தட்டு
(நீலப்பூ மட்டும் தேறியது).
கடுகு, எள், நொய் என்று
அளவை மூடிமேல் எழுதியிருக்கிறேன்.
கட்டைவிரல் நகப் பரப்பில்
நாற்பது துண்டு உட்கார வேண்டும் எனக்கு.

முனிலட்சுமிக்குக் கம்மல்தான் வேண்டும்.
டாலர் வேண்டாம், முந்தானை மறைத்துவிடும்.
"பதினெட்டாந்தேதி கோர்ட்டு.
அவரு தூங்கிட்டாருன்னு எழுதிக் குடுத்திருக்காங்க.
தூங்குறவரு
மலை எறங்குற வரைக்கும் ஆரன் அடிச்சுக்கிட்டே வருவாரா?
ஓனரு வருவாரு.
எங்காதப் பாக்கட்டும்."

இந்தக் கண்ணாடியை நறுக்க முடியாது,
நிப்பர் பட்டால் மாவாகிவிடும்,
இருக்கிற உருவத்திலேயே உட்கார வைக்க வேண்டும்,
கனக்கும் என்றேன்.
"கனக்கட்டும்."

இதற்கென்று நிறமும் கிடையாது.
அடியில் எதை வைக்கிறோமோ அது.
வெள்ளித்தாள் காட்டினேன்,
குங்குமச் சிவப்பு காட்டினேன்,
மயில் நீலத்தில் எல்லோரும் விழுவார்கள், அதையும் காட்டினேன்.
அவள் பர்சிலிருந்து நாலாய் மடித்த தாளை எடுத்தாள்.
தீர்த்தகிரியின் டிரிப் நோட்டு, ஒரு பக்கம்.
டீசல் இவ்வளவு, சுங்கம் இவ்வளவு,
நடுவில் மூன்று இடத்தில்
பிரேக் சொல்லியாச்சு
பிரேக் சொல்லியாச்சு
பிரேக் மறுபடி சொல்லியாச்சு.

கை வைக்கத் தயங்கினேன்.
"ஜெராக்ஸுதான், வெட்டுங்க.
அசலு வக்கீல்கிட்ட."

தாளுக்கு முதலில் இரண்டு பூச்சு பசை.
இல்லாவிட்டால் எண்ணெய் பட்ட
போண்டாத் தாள் போல் எழுத்து கரைந்து போகும்.
காய்ந்தபின்
ஒவ்வொரு எழுத்தின் தலையிலும் ஒரு துண்டு.
பி பெருத்தது.
ரே ஒரு விளிம்பில் இரண்டாய்த் தெரிந்தது.
க்-கின் புள்ளி எந்தக் கண்ணாடிக்குள்ளும் அகப்படாமல்
இடைவெளியில் விழுந்தது,
மூன்று முறை மாற்றி வைத்துப் பார்த்தேன்.
கடைசியில் இடைவெளியைக் கருங்கல் பொடிச் சாந்தால் அடைத்தேன்,
புள்ளியும் உள்ளே போயிற்று.

பதினாறாம் தேதி வந்து
என் சின்னக் கண்ணாடி முன் மாட்டிக்கொண்டாள்.
தலையை ஆட்டினாள்.
காது மடல் தொங்கியது.
"ரெண்டடி தள்ளி நின்னா யாராலயும் படிக்க முடியாது,
இப்பவே சொல்லிட்டேன்."
"படிக்க வேணாங்க்கா, மின்னட்டும்.
மின்னுனாத் திரும்பிப் பாப்பாருல்ல."

முந்நூற்றைம்பது கேட்டேன்.
குறைக்கச் சொல்லவில்லை,
பத்து ரூபாய்த் தாள்களாய் எண்ணிவைத்தாள்.

பதினொரு துண்டு மிச்சம்.
டப்பாவில் போட்டேன். மூடிமேல்
கடுகும் இல்லை, நொய்யும் இல்லை,
என்ன எழுத?

பத்தொன்பதாம் தேதி
பஞ்சர் கடைப் பையனிடம் கேட்டேன்,
பேப்பரில் ஏதாவது வந்ததா என்று.
"இதெல்லாம் வருமாக்கா?" என்றான், டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடி.

சாயங்காலம் அவளே போன் செய்தாள்.
"வாய்தாங்க்கா. அடுத்த மாசம் நாலு.
ஓனரு வரல.
எடது காதுல ஒண்ணு ஆடுது,
அதுக்குள்ள ஒட்டித் தருவீங்களா?"

தருகிறேன் என்று சொல்வதற்குள்
கீழே கம்ப்ரசர் ஓடத் தொடங்கியது.
பெயரில்லாத டப்பா
மேசையில் மெல்ல நகர்ந்தது.
கொண்டு வா, என்று கத்தினேன்.
காதில் விழுந்ததோ என்னவோ.