புள்ளிக் கணக்கு

ஆனி பிறப்பதற்குள் பட்டியலைத் திருத்தவேண்டும்.
கோயில் ஆபீசில் மின்விசிறி ஒரே வேகம்தான் சுற்றும்.
தாள்கள் பறக்காமல் திருநீற்றுத் தட்டை மேலே வைத்துவிட்டு
கணினியைத் திறக்கிறேன்.
இந்த ஊர் வழக்கப்படி
கணவனும் மனைவியும் சேர்ந்தால் ஒரு புள்ளி.
ஒருவர் போனால் அரை.
அரைக்குக் கீழே
கணக்கில் எதுவும் கிடையாது.

நூற்றுப் பதினேழாவது வரி, தேனப்பன்.
ஈப்போவில் முப்பது வருசம் கடைக்கணக்கு எழுதியவர்
இங்கே வந்து ஊருணிக்கு எழுதினார்.
தினம் சாயங்காலம் படியிறங்கி
தண்ணீர் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு,
பக்கத்தில் தேதி.
மழை பெய்தால் எழுதியதையெல்லாம்
தண்ணீரே எடுத்துக்கொள்ளும்.
"போகட்டும், வரவு வந்துருச்சுல்ல" என்பார்.
கடைசிக் கோடு சித்திரை பதினொன்று.
அதற்கும் நாலு படி கீழே இறங்கிவிட்டது தண்ணீர்.
யாரும் குறிக்கவில்லை.

ஒன்று என்பதை அழித்து
அரை என்று அடித்தேன்.
உமையாள் ஆச்சி போனில் கேட்டார்:
"என்னப்பா, என்னையப் பாதியாக்கிட்டியாமே?
வரி பாதின்னா பிரசாதமும் பாதியா?"
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
மறுநாள் முழு வரியும் கவரில் வந்தது.
மேலே அவர் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்:
முழுசா.

நாச்சம்மை ஏற்கெனவே அரைதான்.
ஆதம்பாக்கத்தில், மகள் வீட்டில் காலமானார்.
பெரிய வீட்டில் அவருக்குப் பதினாறில் ஒரு பங்கு.
இரண்டாம் கட்டில் ஓர் அறை,
அதற்கு முன்னால் ஒன்றரைத் தூண்
என்று அவரே சொல்வார்.
வருசத்துக்கு ஒருமுறை வந்து
அந்த ஒன்றரைத் தூணைத் துடைத்துவிட்டு
மற்ற அரையைப் பங்காளிக்கு விட்டுப்போவார்.
அறைச் சாவி கூரியரில் வந்தது.
அவர் வரியை நீக்கியதும்
கீழே இருக்கிற அத்தனை பேரும்
ஒரு படி மேலே ஏறினார்கள்.
சத்தமே இல்லை.

சேவுகனுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை.
திருமயம் சாலை, விடியற்காலை, ஜல்லி லாரி.
ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள்.
கல்யாணமாகாதவன் புள்ளியில் சேர்த்தியில்லை.
நான்தான் முந்திக்கொண்டு
பட்டியலில் ஒரு வெற்று வரி விட்டிருந்தேன்,
திருப்பூட்டுக்கு மறுநாள் பெயரை அடிக்கலாமென்று.
இந்தக் கணினியில் தமிழை ஏற்றிக்கொடுத்ததே அவன்.
ழ வரவில்லையே என்று திட்டினேன்.
"ஞாயித்துக்கிழம வந்து சரிபண்றேண்ணே."
இன்னும் வரவில்லை.
ஊரிலுள்ள பழனியப்பன்கள் எல்லாம்
பளனியப்பனாகவே கிடக்கிறார்கள்.
எண்ணாதவனை எப்படிக் கழிப்பது?
வெற்று வரியை அப்படியே விட்டேன்.
கூட்டல் சரியாகத்தான் வருகிறது.

அடைக்கலம் எந்த வரியிலும் இருந்ததில்லை.
நானும் இல்லை, அது வேறு.
பூட்டிய வீடுகள் பதினொன்றுக்கு அவர் காவல்.
ராத்திரிக்கு ஒரு வீடாக, முறைவைத்து
விளக்கைப் போட்டுவைப்பார்,
ஆளிருப்பதாகத் திருடன் நினைக்கட்டும் என்று.
அவர் செத்த அன்றைக்குப் போட்ட விளக்கு
தெற்கு வீதியில்
நாலு நாள் பகலிலும் எரிந்தது.
மீட்டர் பார்க்க வந்த ஆள்தான் கேட்டார்,
வீட்டுக்காரங்க வந்திருக்காகளா?

மணி ஏழு. விசிறியும் நின்றுவிட்டது.
உமையாள் ஆச்சியின் கவர் மேசையில் இருக்கிறது.
அரைக்கு ரசீது போட்டாயிற்று.
மிச்ச அரையை எந்தப் பெயரில் வைக்க?
கார்பன் தாளை நேராக்கி
செல்போன் வெளிச்சத்தில் எழுதினேன்:
தேனப்பன். அரைப்புள்ளி. ரொக்கம்.
தொகை, எழுத்தால்: எழுநூற்றைம்பது.
பேனாவில் ழ நன்றாகத்தான் வருகிறது.

வியாழக்கிழமை ஆடிட்டர் வருகிறார்.
கேட்கட்டும்.